கொட்டாத இடம் வீங்கினால்

எனக்கு எழுத வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும்.

போன வாரம் பார்சல் கொண்டுபோகிற உங்கள் ஒன்பது பேருக்கும் புது பேட்டரி சைக்கிள் கொடுத்த அன்று, கடைக்காரத் தம்பி என்னையும் முன்னால் கூப்பிட்டு, "இவங்கதான் நம்ம கடையோட முதல் சைக்கிள்காரங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்தது அதுவல்ல. அதைத்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தாரே, நல்ல பிள்ளை. சுவரில் படம் காட்டினார். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார். கறுப்புக் கண்ணாடி, கையுறை, தலையில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒன்று. பூச்சி கொட்டினால் பதறாமல் நம்முடைய 'அலர்ஜி ஹிஸ்டரி'யைச் சொல்ல வேண்டுமாம். யாரிடம் சொல்வது என்று படத்தில் இல்லை. அந்த மலையில் அவரைத் தவிர ஆளே கிடையாது. "பதறக் கூடாது, பதறக் கூடாது" என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கும்போது, நாம் போட்ட சாமந்தி மாலையிலிருந்து ஒரு தேனீ எழுந்து அவர் காதுப் பக்கம் போயிற்று. மீதி வகுப்பை நாற்காலி மேல் நின்றபடிதான் எடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. மாலை போட்டது நாம். கடைசி வரிசை வரை வீசிய சென்ட் மட்டும் அவருடையது. இரண்டும் சேர்ந்தால் பூச்சிக்குப் பத்திரிகை வைத்து அழைத்தது மாதிரி.

உங்களுக்கு என் வேலை என்னவென்று தெரியாது. இப்போது பார்சல் அடுக்கியிருக்கிற இந்தக் கடை அப்போது டெலிபோன் பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சாத்தவே சாத்தாத ஒரு கதவு. கடைக்காரத் தம்பியின் அப்பாதான் முதலாளி. தொண்ணூறுகளில் சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஆள் சவுதி, துபாய், சிங்கப்பூர் என்று போயிருந்தார்கள். வீட்டில் யாரிடமும் போன் கிடையாது. அங்கிருந்து ஆம்பளை பூத்துக்குப் போன் போட்டு, "அரை மணியில திருப்பிப் போடுறேன், கூப்பிட்டு வைங்க" என்பார். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் சைக்கிளை எடுப்பேன். போய் அந்த வீட்டு வாசலில் மணி அடித்து, பெண்ணைக் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டி வர வேண்டும். அதுதான் வேலை. ஊரில் எனக்குப் 'போன் அக்கா' என்று பேர். அத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு போன் வந்தது கிடையாது. வெளிநாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வேலைக்கு வந்த புதிதில் கரும்புச்சாறு வண்டி ஓரமாகப் போகும்போது ஒரு தேனீ முகத்துக்கு நேரே வந்தது. கையை வீசி அடித்தேன். அடிக்கக் கூடாது என்று அப்போது தெரியாது. கன்னத்தில் கொட்டிவிட்டது. பூத்துக்கு வந்ததும் வைத்தியம் தொடங்கியது. போன் பேச வந்தவர்கள், போன் பேச வந்தவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள், சும்மா வந்தவர்கள் எல்லோருக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது. ஒருவர் சுண்ணாம்பு தடவினார். ஒருத்தி வெங்காயம் தேய்த்தாள். ஒரு பெரியவர் வாயில் இருந்த புகையிலையையே எடுத்து அப்பினார். முதலாளி தன் பங்குக்குக் கல்லாப்பெட்டிச் சாவியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். எனக்கோ வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். தேரோட்டத்துக்கு நிறுத்திய பொம்மை மாதிரி நின்றேன்.

அப்போது சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் பேச நர்சம்மா வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அவர் பெயர் கடைசி வரை எனக்குத் தெரியாது. ஊரே நர்சம்மா என்றுதான் சொல்லும். என்னைப் பார்த்ததும், "யாரு கட்டிடம் கட்டுறது இவ மூஞ்சியில?" என்றார். குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"கிள்ளி இழுக்காதே. கிள்ளினா உள்ள மிச்சம் இருக்கிற விஷமும் ஏறும். சுரண்டு. வீங்கியிருக்கா?"

"ஆமாங்க."

"கொட்டின எடந்தானே வீங்கியிருக்கு? வீட்டுக்குப் போ. ஐஸ் இருந்தா வை. கொட்டாத எடம் வீங்கினா மட்டும் என்கிட்ட வா. உதடு, கண்ணு, நாக்கு, உள்ளங்கை அரிப்பு, குரல் மாறுறது, மூச்சு இழுக்கிறது. இதுல எது வந்தாலும் யார்கிட்டயும் நின்னு பேசாதே. சாவி வைக்கிறவன்கிட்ட மட்டும் நிக்கவே நிக்காதே."

முதலாளி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த இரண்டு வரிதான் நான் படித்த படிப்பு. நாலாம் வகுப்பில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது.

மற்றதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது. அறுப்பு சமயத்தில் சாயங்காலம் ஓட்டினால் வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள். வயலிலிருந்து கிளம்புகிற பச்சைப்பூச்சி கண்ணிலும் வாயிலும் வந்து விழும். பாட்டுப் பாடிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் சாப்பிடுவார்கள். மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். மேலே கம்பளிப்பூச்சி அடை அடையாக இருக்கும். வெளியே கழற்றி வைத்த ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாட்டுங்கள். ரவிக்கைக்குள் பூச்சி போய்விட்டால் ஓட்டிக்கொண்டே தேடாதீர்கள். நான் ஒரு தடவை தேடி வாய்க்காலுக்குள் போய்விட்டேன். கூடு இருக்கிற மரம் எது என்று ஊர்க்காரர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போன் படத்தில் வழி இருக்கும், கூடு இருக்காது.

இப்போது லூர்துமேரி விஷயத்துக்கு வருகிறேன். என்னை மேடையில் வாய் திறக்க விடாதது இதுதான்.

போன் வருகிற நாளில் பெண்கள் அலங்காரம் பண்ணிக்கொள்வார்கள். சிரிக்காதீர்கள். இப்போது நீங்கள் முகம் தெரிகிற போனில் பேசுகிறீர்கள், அப்போது குரல் மட்டும்தான். இருந்தாலும் தலை சீவி, பூ வைத்து, வீட்டுக்காரர் அனுப்பிய சேலையைக் கட்டி, அவர் அனுப்பிய சென்டை அடித்துக்கொண்டுதான் வருவார்கள். அந்த சென்ட் சாதாரணம் இல்லை. ஒரு சொட்டு ஒரு தெருவுக்குப் போதும். நம் ஊர்ப் பெண்கள் அதைப் பன்னீர் மாதிரித் தெளித்துக்கொள்வார்கள். கேரியரில் சவுதிக் கடையையே வைத்து மிதிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

லூர்து இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில். அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து சவுதியில் லாரி ஓட்டினார். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வரும். லூர்து கூண்டுக்குள் போனதும் பூத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கதவுதான் சாத்தாதே. அவள் உரம் வந்ததா, மாடு கன்று போட்டதா என்று இதைத்தான் பேசுவாள். மனசில் இருப்பதைப் பேச முடியாது.

அந்த மாதம், சவுதியில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஊருக்கு வந்து சொல்லியிருந்தார். சவரிமுத்து சனிக்கிழமை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம். இனிமேல் கடிதம் எழுதினால் அது போய்ச் சேருவதற்குள் கையெழுத்துக் காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை போன் ஒன்றுதான் வழி.

நான் போய் மணி அடித்தபோது அவள் கண்ணாடி முன்னால் இருந்தாள்.

"இன்னிக்கு யாரு நின்னாலும் சரி அக்கா. ஒரே வார்த்தை. 'வந்துருங்க'ன்னு சொல்லிட்டு வச்சிரப் போறேன்."

"சொல்லும்மா. ஆனா சீக்கிரம் கெளம்பு."

ஒரே வார்த்தைதான். ஆனால் அதற்கு அலங்காரம் மட்டும் இரட்டிப்பு. சேலை கட்டி, அவிழ்த்து, வேறு கட்டினாள். மல்லிகை இரண்டு முழம். அப்புறம் அந்த பாட்டில். கழுத்தில், கையில், தலையில், முந்தானையில் என்று அடித்தாள். எனக்குத் தும்மல் வந்தது.

"போன்ல வாசனை போகாது லூர்து" என்றேன்.

"அவருக்குத் தெரியும் அக்கா. நான் பேசுறதுலயே தெரியும்."

தார் ரோட்டில் போனால் இருபது நிமிஷம். கையில் இருந்தது பத்து நிமிஷம். வாய்க்கால் கரை வழியாகப் போனால் பத்தே நிமிஷம்தான். ஆனால் மதகுப் பக்கத்துப் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்தது. ஒரு பானை அளவு. கதண்டு உங்களுக்குத் தெரியும், குளவியில் பெரியது, ஒன்று கொட்டினாலே ஆளைக் கீழே தள்ளிவிடும். கூட்டை எடுக்கச் சொல்லி ஊரில் மனுக் கொடுத்திருந்தார்கள். பனைமரம் வாய்க்கால் புறம்போக்கில் நிற்கிறதா, ஊராட்சி பாதையில் நிற்கிறதா என்று ஆபீஸ்களுக்குள் கடிதம் நடந்துகொண்டிருந்தது. மரம் யாருடையது என்று முடிவாகாததால் கதண்டுகள் அதைத் தங்களுடையது என்று முடிவு பண்ணிவிட்டன.

இங்கேதான் நான் இரண்டு தப்புப் பண்ணினேன். அந்தக் கரையில் நான் தனியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், சத்தமில்லாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை. அதனால் இன்றைக்கும் ஆகாது என்று நினைத்தேன். அது ஒன்று. இன்னொன்று, "போய் அந்த சென்டைக் கழுவிட்டு வா, பூவை எடுத்து வை" என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வீட்டுக்காரர் அனுப்பியதைக் கழுவு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். என் கூச்சத்துக்கு அவள் கழுத்தைக் கொடுத்தேன்.

மதகுக்கு முன்னால் இறங்கி மெதுவாகத்தான் தள்ளினேன். அவளையும் நடக்கச் சொன்னேன். முதலில் ஒன்று வந்து அவள் பூவைச் சுற்றியது. "அடிக்காதே, அடிக்காதே" என்றேன். அவள் முந்தானையை எடுத்து வீசினாள். இரண்டோ மூன்றோ கொட்டிவிட்டன, பின்கழுத்தில். "மாதாவே!" என்று கத்தினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன், ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் அவள். கொஞ்ச தூரத்தில் அவை விட்டுவிட்டன. பூவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். கேரியரில் ஏற்றி மிதித்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது. பரவால்ல. நீ மிதி அக்கா. மணி என்ன?"

கொஞ்ச நேரம் போனதும், "உள்ளங்கை ரெண்டும் அரிக்குது அக்கா" என்றாள். சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். கீழுதடு தொங்கியிருந்தது. கண் இரண்டும் சுருங்கிக்கொண்டு வந்தன. கழுத்தில் கொட்டியதற்கு உதட்டில் என்ன வேலை?

கரை வந்து ரோட்டில் ஏறுகிற இடம். பீச்சாங்கைப் பக்கம் திரும்பினால் கடைத்தெரு, பூத். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினால் சுகாதார நிலையம். நான் சோத்தாங்கைப் பக்கம் ஹாண்டிலைத் திருப்பினேன்.

"எங்க போற? பூத்து அந்தப் பக்கம்!"

"நர்சம்மாட்ட போயிட்டுப் போவோம்."

"அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போலாம். அக்கா, கால்ல விழுறேன். ஒரே வார்த்தைதான்."

அதைச் சொல்லும்போதே அவள் குரல் கரகரத்துவிட்டது. நான் மிதித்தேன். முதுகில் குத்தினாள். "பாவி, என் குடியக் கெடுக்கிறியே" என்றாள். அப்புறம் குத்துவது நின்றது. குத்துவதை நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீக்கடை முன்னால் நாலைந்து ஆம்பளைகள் சைக்கிளை மறித்தார்கள். உதவி பண்ணத்தான்.

"என்ன, கதண்டா? எறக்கும்மா, எறக்கு. சுண்ணாம்பு கொண்டாங்கப்பா."

"சுண்ணாம்பெல்லாம் கேக்காது. மந்திரிக்கணும். ஆளு இங்கதான் இருக்கான், டீ குடிச்சிட்டு வந்துருவான்."

"மொதல்ல எத்தனை கொட்டுச்சுன்னு எண்ணுங்கய்யா."

அதுவரை ஆம்பளைகள் முன்னால் நான் குரலை உயர்த்தியது கிடையாது. டீக்கடையைத் தாண்டும்போது மணி அடிக்கக்கூடக் கூச்சப்பட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவள். அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. கடைத்தெரு முழுக்கக் கேட்டதாகச் சொன்னார்கள். வழி விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர், அந்த மந்திரிக்கிறவர்தான், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லூர்து சாயாமல் பிடித்துக்கொண்டு சுகாதார நிலையம் வரை கூடவே ஓடி வந்தார். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது.

நர்சம்மா அவளைப் பார்த்ததும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தொடையில் ஊசி போட்டார். டாக்டரைக் கூப்பிட்டார். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தார். லூர்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வரவில்லை. கையால் காதில் ரிசீவர் மாதிரி வைத்துக் காட்டினாள்.

நான் திரும்பச் சைக்கிளை எடுத்தேன். அவள் சொல்ல வேண்டியதை நானாவது சொல்லிவிடலாம் என்றுதான் ஓடினேன். கூண்டு காலியாக இருந்தது.

"மூணு தடவ போட்டாரு" என்றார் முதலாளி. "வந்துக்கிட்டு இருக்காங்கன்னு மூணு தடவையும் சொன்னேன். கடைசியா, 'அவளுக்கு இஷ்டம் இருந்தா வந்திருப்பா'ன்னு வச்சிட்டாரு."

"திருப்பிப் போட முடியாதுங்களா?"

"ரோட்டுல ஏதோ பூத்துலேர்ந்து போடுறாரு. நம்பர் ஏதும்மா நமக்கு?"

மறுநாள் சவரிமுத்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நர்சம்மா லூர்துவிடம் சொன்னார்: "நீ பூத்துக்குப் போயிருந்தா போன் இருந்திருக்கும், பேசத் தொண்டை இருந்திருக்காது." லூர்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரியாகச் செய்தது ஒன்று, தப்பாகச் செய்தது இரண்டு. ஊரில் என்னைத் திட்டியதெல்லாம் அந்தச் சரியான ஒன்றுக்காகத்தான். "ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தா என்னவாம்?" என்றார்கள், சுண்ணாம்போடு நின்றவர்கள்.

அடுத்த மாதமும் போன் வந்தது. நான்தான் போக வேண்டும். வாசலில் மணி அடித்தேன். பழைய நூல் சேலை, பூ இல்லை, சென்ட் இல்லை, தலையைச் சுற்றி ஒரு துண்டு. கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். நான் தார் ரோட்டில் போனேன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம் இப்படித்தான். மாதம் ஒரு தடவை அவளை ஏற்றிப் போய், ஏற்றி வந்து விடுவேன். என் முதுகுக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்கும். நல்ல மூச்சு, இழுப்பில்லாமல். அதைக் கேட்டுக்கொண்டே மிதிப்பேன்.

சவரிமுத்து வந்தார். வந்த கொஞ்ச நாளில் வீட்டுக்கே போன் இழுத்தார்கள், அந்தக் குடியிருப்பில் முதல் போன். இனி லூர்து பூத்துக்கு வர வேண்டியதில்லை. எனக்கும் அந்த வீட்டில் மணி அடிக்க வேலை இல்லை.

ஒரு நாள் காலையில் பூத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முதலாளி எடுத்தார். எந்த ஊருக்கு என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் சாவியை எடுத்தேன். அவர் ரிசீவரை நீட்டிக்கொண்டு ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்குத்தான்."

விளக்குமாற்றைச் சாத்தி வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கலைந்த முடியை ஒதுக்கி, முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டேன். அதைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. கூண்டுக்குள் போய்ச் சாத்தாத கதவைச் சாத்திப் பார்த்தேன்.

"அக்கா, லூர்து பேசுறேன். கேக்குதா?"

"கேக்குதும்மா. நல்லாக் கேக்குது."

மூச்சுச் சத்தம் கேட்டது.

"மதகுப் பனையில மறுபடி கூடு கட்டியிருக்கு. சுத்திப் போ."

வைத்துவிட்டாள்.

பெண்களே, நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். கொட்டியது இரண்டா மூன்றா என்று எனக்கு நிச்சயம் இல்லை. ஊசி எந்தத் தொடையில் போட்டார்கள் என்பதும், டீக்கடையில் நான் என்ன சொன்னேன் என்பதும் லூர்துவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நீலக் கேட்டுப் போட்ட வீடு. அவளுக்கு மாதம் ஒரு பார்சல் வரும். அடுத்த தடவை உங்களில் யார் கொண்டுபோனாலும், வாசலில் கொடுத்துவிட்டு ஓடி வராமல், இந்த நோட்டை அவளிடம் படித்துக் காட்டி, தப்பு இருக்கிற இடத்தில் திருத்தச் சொல்லுங்கள். தார் ரோட்டிலேயே போங்கள்.